அமரர் பிச்சைமுத்து நினைவுக் கிண்ணம்

எனக்குக் காற்பந்து அவ்வளவாகப் பிடிக்காது, இன்ஸ்பெக்டர். வெயில் ஆகாது, விசில் சத்தம் கேட்டால் தலை வலிக்கும். விளையாட்டு மன்றச் செயலாளர் பேசுகிற பேச்சா இது என்று நினைக்காதீர்கள். செயலாளருக்குப் பந்து பிடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை, கூட்டம் பிடித்தால் போதும். நாற்காலிகளை நேராகப் போட்டு, மேசைமேல் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கி, தலைவர் தாமதமாக வந்து சேரும்வரை காத்திருக்கும் அந்த நேரம் எனக்குப் பிடிக்கும். இந்த அறையும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கிறது. தேநீருக்கு நன்றி.

பிச்சைமுத்து அண்ணன் விஷயமாக நீங்கள் கேட்டதற்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன். கேள்விகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். இதையெல்லாம் கோயிலில் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அங்கே யாரும் எழுதி எடுப்பதில்லை. பதிவாகாத பேச்சு காற்றோடு போய்விடும். அதனால்தான் நீங்கள் கூப்பிட்டதும் நானே காரை ஓட்டிக்கொண்டு வந்தேன்.

என் பெயர் கிளாரன்ஸ். மெர்லிமாவில் வீடு. அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். பெம்பான் வட்டார இந்தியர் விளையாட்டு மன்றத்தில் எத்தனையோ தலைவர்கள் வந்து போய்விட்டார்கள், செயலாளர் மட்டும் மாறவில்லை. வருடத்துக்கு ஒரு காற்பந்துப் போட்டி நடத்துவோம். கிண்ணத்துக்கு யாராவது இறந்துபோனவரின் பெயரை வைப்போம். தோட்டக் கணக்கு எழுதும் கிராணியாக இருந்த அமரர் அங்கமுத்து பெயரில் ஒரு வருடம், கோயில் தலைவர் ஒருவர் பெயரில் ஒரு வருடம். அதில் ஒரு வசதி உண்டு. இறந்தவர் மேடையில் இடம் கேட்க மாட்டார், மைக்கைப் பிடித்தால் விடாமல் பேச மாட்டார்.

இந்த வருடம்தான், உண்மையிலேயே பந்து விளையாடிய ஒருவர் பெயரை வைக்கலாம் என்று நான் சொன்னேன். யோசனை என்னுடையது. இதைக் கொஞ்சம் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

பிச்சைமுத்து அண்ணனை உங்கள் வயதில் உள்ளவர்களுக்குத் தெரிந்திருக்காது. என் வயதில் உள்ளவர்களுக்கும் தெரியாது என்பதுதான் விசேஷம். பெம்பானுக்கு உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளியின் மகன். மலாக்கா மாநிலத்துக்கு விளையாடினார், பிறகு தேசியச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஜகார்த்தா, பாங்காக், சியோல் என்று போய் விளையாடினார். மத்தியத் திடல் ஆட்டக்காரர். அது என்ன வேலை என்று ஒரு முறை அவரிடமே கேட்டேன்.

“பின்னாடி உள்ளவன்கிட்ட வாங்கி, முன்னாடி உள்ளவன்கிட்ட குடுக்கறதுலா, கிளாரன்ஸு. அவ்ளோதான்.”

“அப்படின்னா அது செயலாளர் வேலைண்ணே,” என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

அவர் கொடுத்த பந்தை வலைக்குள் அடித்தவர்களுக்கு வீடு கிடைத்தது, கடை கிடைத்தது, ஒருவருக்கு டத்தோ பட்டமும் கிடைத்தது. பேருக்கேற்ற மாதிரி பந்தைப் பிச்சை போடுகிறவர் என்று கூட விளையாடியவர்கள் கிண்டல் செய்வார்களாம். பழைய பத்திரிகைப் படங்களைப் பார்த்தால் கோல் போட்டவர் கையை விரித்துக்கொண்டு ஓடிவருவார், ஓரத்தில் ஒரு முழங்கை தெரியும். அந்த முழங்கைதான் பிச்சைமுத்து அண்ணன். அவர் மனைவி இந்திராதேவி அண்ணி அந்தப் படங்களைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் முழங்கையைத் தொட்டுக் காட்டுவார்.

“பந்து வேணும்னா எப்படிக் கேப்பீங்கண்ணே?” என்றும் அதே நாளில்தான் கேட்டேன். மற்றவர்கள் கத்துவார்களாம், கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டுவார்களாம். இவர் உள்ளங்கையை விரித்து இடுப்புக்குக் கீழே நீட்டி விரல்களை மெதுவாக மடக்கிக் காட்டினார். “இப்படித்தான் கேப்பேன். ஒரு பய குடுத்ததில்ல,” என்றார். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

முழங்கால் போனதும் ஆட்டம் முடிந்தது. லாரி ஓட்டினார், பிறகு ஒரு பேரங்காடியில் காவலுக்கு நின்றார். நெஞ்சு வலி வந்தபின் வீட்டோடு இருந்தார். ஒரு முறை விளையாட்டு விருந்து ஒன்றில் தெரியாமல் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். பிரமுகர்களுக்கான இடம் என்று எழுப்பிப் பின்னால் அனுப்பினார்கள். எழுப்பியது நான்தான், அது என் பொறுப்பு. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். நம் ஆட்களிடம் அந்தச் சலுகை யானைக்கு மட்டும்தான். மனிதனாகப் பிறந்தவன் இறந்து காட்ட வேண்டும். அந்த ஒரு தகுதி மட்டும் அண்ணனுக்கு வராமல் இருந்தது.

இனிப் பதாகைக்கு வருகிறேன்.

பதாகை அடிக்கும் வடிவேலுவுக்கு நான் வாட்சப்பில் அனுப்பிய செய்தி இவ்வளவுதான்: போன வருஷம் மாதிரியே அடிங்க, பேரை மட்டும் மாத்துங்க. அவர் பெயரை மட்டும் மாற்றினார். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள் குறைந்துபோன காலத்தில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். பெம்பான் முச்சந்தியில் தொடங்கி மெர்லிமாவ் சந்தை வரை கம்பத்துக்குக் கம்பம் தொங்கியது: அமரர் பிச்சைமுத்து நினைவுக் கிண்ணம். நடுவில் அண்ணனின் படம். நல்ல அச்சு, கறுப்பும் தங்க நிறமும். கிண்ணத்தில் பொறித்தாகிவிட்டது, சட்டைகளிலும் ஏறிவிட்டது. காரில் வரும்போது நானே நாலைந்து பதாகைகளைப் படித்து, எழுத்துப் பிழை இல்லை என்று திருப்திப்பட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் பொறி தட்டியது: அண்ணன் உயிரோடுதான் இருக்கிறார்.

அதற்குள் ஊர் விழித்துக்கொண்டது. நம் சட்டமன்ற உறுப்பினர் ஒய்பி ஃபேஸ்புக்கில் இரங்கல் போட்டார். மறைந்த மாவீரன், சமுதாயத்துக்கு ஈடு செய்ய முடியாத இழப்பு, தோளோடு தோள் நின்றவன் என்றெல்லாம் எழுதியிருந்தார். தேர்தல் எந்த நேரமும் வரலாம் என்ற பேச்சு இருந்ததால் அதோடு நிறுத்தவில்லை. பெம்பானில் நாங்கள் விளையாடும் திடலுக்கு அமரர் பிச்சைமுத்து பெயர் சூட்டப்படும், போட்டியன்று தானே வந்து பலகையைத் திறந்துவைப்பேன் என்று அறிவித்தார். இந்த வட்டாரத்தில் ஒரு தமிழனின் பெயரில் சந்துகூடக் கிடையாது, இன்ஸ்பெக்டர். திடல் என்றால் சும்மாவா? உயிரோடு இருப்பவர் பெயரை வைக்க முடியுமா என்று ஒய்பியின் உதவியாளரிடம் பொதுவாக விசாரித்தேன். “அதெல்லாம் சிக்கல் அங்கிள். நாளைக்கே அந்த ஆளு கட்சி மாறிட்டா?” என்றார். அதுவும் நியாயம்தான்.

அண்ணன் வீட்டுக்கு ஆட்கள் துக்கம் விசாரிக்க வந்தார்கள். தங்கா பத்துவிலிருந்து ஒருவர் மலர்வளையத்தை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து, கதவைத் திறந்தவரிடமே “எடுப்பு எத்தன மணிக்குண்ணே?” என்று கேட்டிருக்கிறார். அண்ணன் அவரை உட்காரவைத்து மைலோ கொடுத்து அனுப்பினார். அவர் போகும்போது, “நீங்க அவருக்குத் தம்பியா? மொகம் அப்படியே இருக்கு,” என்றாராம்.

நான் பழக்கூடையோடு போய் மன்னிப்புக் கேட்டேன். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணன்தான், “பரவால்லலா கிளாரன்ஸு, தப்பு எல்லாருக்கும் வர்றதுதான். அந்த ஒரு வார்த்த மேல காகிதத்த ஒட்டிட்டா போச்சு,” என்றார். ஒரு வார்த்தைதான். அகராதியில் பாருங்கள், அமரர் என்றால் சாகாதவர் என்று பொருள். அதை நாம் செத்தவருக்கு மட்டும்தான் போடுகிறோம். பொருள்படி பார்த்தால் வடிவேலு அடித்ததில் பிழையே இல்லை. ஆனால் பொதுமக்களுக்கு இதையெல்லாம் எப்படி விளக்குவது?

அவசரக் கூட்டம் போட்டேன். எங்கள் தலைவர் கணேஸ்வரனுக்கு டயர் வியாபாரம். விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“ஆளு இன்னும் இருக்காரா? எனக்கு யாரும் சொல்லலியேலா.”

“போன வாரம்கூட மெர்லிமாவ் பசார்ல மீன் வாங்கிட்டிருந்தாரு,” என்றார் பொருளாளர் செலினா. “‘அமரர்’ மேல ஸ்டிக்கர் ஒட்டிட்டா என்னா?”

“பேனர் மேல ஒட்டலாம். ஒய்பி போட்ட இரங்கல் மேல யாரு ஒட்டறது? மனுசன் நம்ம திடல் பக்கம் இனிமே தலவச்சிப் படுப்பாரா?” என்றார் தலைவர்.

நெடுநேரம் பேசினார்கள். கடைசியில் விவகாரத்தைச் சுமுகமாக முடிக்க வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். எங்கள் கூட்டங்களில் எந்தத் தீர்மானத்துக்கும் கீழே ஒரு வரி வரும். மேல் நடவடிக்கை: இன்னார். கொடி வாங்குவதாக இருந்தாலும் கூடாரம் போடுவதாக இருந்தாலும் அந்த இடத்தில் ஒரே பெயர்தான். அன்றைக்கும் தலைவர் எழுந்துகொண்டே, “மேல் நடவடிக்கை செயலாளரு,” என்றார். எல்லோரும் மீ கோரேங் சாப்பிடப் போய்விட்டார்கள். என் பொறுப்பில் விட்ட மேல் நடவடிக்கை எதுவும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனதாக நீங்கள் காட்ட முடியாது.

நான் முதலில் நல்ல வழியில்தான் போனேன். அண்ணனிடம் நிலைமையை எடுத்துச் சொன்னேன். போட்டியன்று தங்கா பத்துவில் மகள் நளினி வீட்டுக்குப் போய்விடுங்கள், கொஞ்ச நாள் பெம்பான், மெர்லிமாவ் பக்கம் வெளியில் வராதீர்கள் என்றேன். எத்தனை நாள் என்று கேட்டார். தேர்தல் முடியும்வரை என்றேன். உடனே சரி என்று சொல்லிவிட்டார், இன்ஸ்பெக்டர். வாழ்நாள் முழுக்க விட்டுக்கொடுத்துப் பழகியவர். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் அவரே போன் செய்தார்.

“கிளாரன்ஸு, நா ஒன்னு கேக்கவா? எம்பேர்ல நடக்கற ஆட்டத்த நா ஒரு தடவ பாக்க வேணாமா? தொப்பி போட்டுக்கறேன். பின்னாடி, அந்த வேலி ஓரமா நின்னுக்கறேன்லா. பலகைய தொறக்கறப்ப பேர மட்டும் பாத்துட்டுப் போயிர்றேன்.”

“யாராவது பாத்துட்டா, அண்ணே?”

“வெளையாடிட்டிருந்தப்பவே ஒருத்தனும் பாக்கல. இப்பவா பாக்கப் போறானுங்க?”

அவர் குரலில் ஆசை இருந்தது. எதையும் கேட்டறியாத மனிதர் கேட்கிறார். என் கண் கலங்கியது என்பதையும் நீங்கள் பதிவு செய்யலாம். ஆனால் ஒய்பி பலகையைத் திறக்கும்போது அமரர் தொப்பி போட்டுக்கொண்டு வேலியோரம் நிற்பதை எந்த மன்றமும் அனுமதிக்க முடியாது. மலர்வளையம் கொண்டுவந்தவர் அவரை அடையாளம் கண்டு, “தம்பி, நல்லாருக்கீங்களா?” என்று கேட்டால் போதும். திடலும் போகும், பெயரும் போகும். பிறகு அவருக்கு என்ன மிஞ்சும்? பழையபடி ஒரு முழங்கை. இதை நான் அவர் பக்கம் நின்றுதான் யோசித்தேன்.

போட்டிக்கு முந்தின வாரம், சனிக்கிழமை, நல்ல உச்சி வெயிலில் அவரைக் கூட்டிப்போகக் காரோடு போனேன். திடலில் கோடு போட்டிருக்கிறார்கள், வந்து பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். அண்ணி வாசல்வரை வந்து ஒரு சின்னப் போத்தலை என் கையில் கொடுத்தார்.

“தம்பி, இது நாக்குக்கு அடியில வக்கிற மாத்தர. பழசு தீந்துபோச்சு, இது புதுசு. இவரு எங்கயாச்சும் விட்டுருவாரு, நீங்க வச்சிக்குங்க. ஓட விட்றாதீங்க.”

“நான் பாத்துக்கறேன், அண்ணி,” என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

திடலில் யாரும் இல்லை. வெள்ளைக் கோடுகள் கண்ணைக் கூசின. வேலியில் எங்கள் பதாகை அசையாமல் தொங்கியது. அண்ணன் அதைக் கொஞ்ச நேரம் நின்று படித்தார். “படம் நல்லாருக்குலா,” என்றார். பழைய ஆட்டத்தை ஒரு முறை ஓடிக் காட்டுங்கள், போட்டியன்று திரையில் போடலாம் என்று போனை எடுத்தேன். தயங்கினார். பிறகு செருப்பைக் கழற்றி, காரில் கிடந்த பந்தைக் கேட்டார்.

ஓடினார். எனக்குக் காற்பந்து பிடிக்காது என்றேன் இல்லையா? அந்த வயதில், அந்த முழங்காலோடு, பந்து அவர் காலைவிட்டு ஒரு சாண்கூட விலகவில்லை. யாருமே இல்லாத பக்கம் தலையைத் தூக்கிப் பார்த்துப் பந்தை அனுப்பினார். அது போய் நின்ற இடத்தில் ஒரு ஆள் நின்றிருந்தால் கண்டிப்பாகக் கோல். எனக்கே புரிந்தது.

“கேமரா சரியா புடிக்கலண்ணே, இன்னொரு தடவ,” என்றேன்.

மறுபடி ஓடினார். வெயிலுக்கு எதிர்ப்பக்கமாக வந்துவிட்டது, இன்னும் ஒரே ஒரு தடவை என்றேன். போனில் பதிவை நான் முடுக்கவே இல்லை. நீங்கள் பறிமுதல் செய்த போனில் வீடியோ தேடுவதாகக் கேள்விப்பட்டேன். சிரமப்பட வேண்டாம்.

அந்த ஓட்டத்தின் பாதியில் நடுவட்டத்துக்குள் உட்கார்ந்தார். ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். கூப்பிடவில்லை, கத்தவில்லை. இன்னொரு கையைத் தாழ்வாக நீட்டி, உள்ளங்கையை விரித்து, விரல்களை மெதுவாக மடக்கினார். அந்தச் சைகை எனக்குத் தெரியும். நான் சட்டைப் பையில் கைவிட்டேன். போத்தல் விரலில் பட்டது. கையை அங்கேயே வைத்துக்கொண்டு வேலியில் இருந்த பதாகையை மேலிருந்து கீழாக ஒரு முறை படித்தேன். பிறகு இன்னொரு முறை படித்தேன். திரும்பிப் பார்த்தபோது அவர் கை இன்னும் நீண்டிருந்தது. கோபமே இல்லாமல் என்னைப் பார்த்தார். பந்து வராது என்று தெரிந்த ஆட்டக்காரர் பார்ப்பது போலத்தான் இருந்தது. பிறகு கை புல்லில் விழுந்தது.

இனிமேல் பதாகையில் பிழை இல்லை என்று எனக்குத் தோன்றியது. அதன் பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

நல்லடக்கம் மிகச் சிறப்பாக நடந்தது. ஊர்வலம் பதாகைகளுக்கு அடியிலேயே போனது. மன்றத்துக்காரர்கள் எவ்வளவு சுறுசுறுப்பு, அதற்குள் பதாகை அடித்துவிட்டார்களே என்று வெளியூர்க்காரர்கள் பாராட்டினார்கள். ஒய்பியின் இரங்கல் மரணத்துக்கு முன்பே வந்துவிட்டதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. நம் பிரதிநிதிகளில் இவ்வளவு சீக்கிரம் வந்து நின்றவர் வேறு யார்? போட்டியன்று ஒரு நிமிடம் மௌனம். ஒய்பி மேடையில் அழுதார். பலகையைத் திறந்தார். மலாயிலும் தமிழிலும் பிச்சைமுத்து திடல். வடிவேலு என் கையைப் பிடித்துக்கொண்டு, “நல்லவேளண்ணே, பேனர மாத்தச் சொல்லுவீங்கன்னு பயந்துட்டேன்,” என்றார். எங்கள் மன்றத்தின் வரலாற்றில் அவ்வளவு கூட்டம் வந்ததில்லை.

தலைவர் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அன்னிக்கு நா சொன்னத நீ வேற எதுவும்…” என்று தொடங்கி, பாதியில் நிறுத்தி, “சாப்ட்டியா?” என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன்.

நான் செய்த ஒரே தவறு அதற்குப் பிறகுதான். இரவல் பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பழகியவன். நினைவுச் சின்னத்தையும் அண்ணனின் செருப்பையும் கொடுக்க வீட்டுக்குப் போனபோது, அந்தப் போத்தலையும் அண்ணியின் கையில் வைத்தேன். அண்ணி அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“மாத்தர குடுத்தேன், கேக்கலன்னுதானே ஆஸ்பத்திரியில சொன்னீங்க, தம்பி?”

“ஆமாண்ணி.”

“மூடி மேல சுத்தியிருந்த பிளாஸ்டிக்குகூடப் பிரிக்கலியே.”

அவர் அழவில்லை. சுவரில் இருந்த முழங்கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். மாத்திரை கொடுத்ததாக நான் சொன்னது தவறான தகவல். அது மட்டும்தான் எனக்கு உறுத்துகிறது. அந்தக் குறிப்பைத் திருத்திக்கொள்ளுங்கள்: கொடுக்கவில்லை. அவர் கேட்டார், என்னிடம் இருந்தது, வேண்டுமென்றே நான் கொடுக்கவில்லை. ஓடவைத்ததும் நான்தான். சாக வேண்டும் என்றுதான் ஓடவைத்தேன்.

கையெழுத்துப் போடுகிறேன். அறிக்கையில் அவர் பெயரை எழுதும்போது பார்த்து எழுதுங்கள். பிச்சைமுத்து, நடுவில் ‘ச்’ உண்டு. பத்திரிகைக்காரர்கள் கடைசிவரை தப்பாகவே எழுதினார்கள். முன்னால் அமரர் போட மறக்க வேண்டாம், இப்போது அது சரியாக இருக்கிறது. ஒரு முழங்கைக்குத் திடல் வாங்கிக் கொடுத்தவன் நான், இன்ஸ்பெக்டர். அண்ணியும் நளினியும் இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒரு நாள் புரிந்துகொள்வார்கள். அண்ணனுக்கு விளக்கவே வேண்டியதில்லை. அவர் மட்டும் இப்போது உயிரோடு இருந்திருந்தால், எனக்காகச் சாட்சி சொல்ல முதல் ஆளாக வந்து நின்றிருப்பார்.